மழைக்குத் தாங்கிய பெட்டூனியா

பெட்டூனியாவை முதன்முதலில் பார்த்தபோது சொர்ணம் அதை முகர்ந்துதான் பார்த்தாள். சொல்லிக்கொள்ளும்படி வாசனை இல்லை. இலையைத் தொட்ட விரலில் பிசுபிசுவென்று என்னவோ ஒட்டிக்கொண்டது. தலையில் வைக்க முடியாது, சாமிக்குப் போட மாட்டார்கள், பறித்தால் அரை நாளில் துவண்டுவிடும். இப்படி ஒரு பூவுக்காகப் பிளாஸ்டிக்கில் வீடு கட்டுகிற மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள்.

அது 1971. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் அவள் வீடு. புருஷன் இருசப்பன் கட்டுமரத்தில் போகிறவன். அவன் கொண்டுவரும் மீனைக் கூடையில் சுமந்துபோய்த் திருக்கழுக்குன்றம் சாலையில் இருக்கும் ஊர்களில் விற்றுவிட்டு வருவது அவள் வேலை. அந்தச் சாலையோரத்தில்தான் சின்னையன் கொட்டகை போட்டிருந்தார். பெங்களூரில் ஒரு பூச்செடித் தோட்டத்தில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, மனைவி வழியில் வந்த நிலத்துக்குத் திரும்பியவர் அவர். மாமல்லபுரம் கடற்கரையில் அப்போது ஓட்டல்கள் வரத் தொடங்கியிருந்தன. குளிர்காலத்தில் வரும் வெள்ளைக்காரர்களுக்காக ஓட்டல்காரர்கள் வாசலில் வைக்கப் பூந்தொட்டி தேடினார்கள். பெங்களூரிலிருந்து லாரியில் வந்தவை வழியிலேயே பாதி செத்தன. இங்கேயே வளர்த்துக் கொடுத்துவிடலாம் என்று சின்னையன் இறங்கினார்.

மழைதான் அவருக்குச் சத்துரு. மார்கழியில் பூக்க வேண்டுமானால் ஆவணி கடைசியில் விதைக்க வேண்டும். செடி வளர்கிற காலம் முழுக்க இந்தப் பக்கம் அடைமழை. பெட்டூனியாவின் இதழோ நனைந்த காகிதம் மாதிரி, ஒரு மழைக்கே கூழாகிவிடும். அதனால் செய்யூரிலிருந்து சவுக்குக் கழி கொண்டுவந்து நட்டு, மேலே பாலிதீன் போர்த்தி, நூறடி நீளத்துக்கு ஒரு கூடம் எழுப்பினார். அவர் அதைப் பசுமைக் கூடம் என்றார். ஊர்க்காரர்கள் பிளாஸ்டிக் கொட்டா என்றார்கள். குழாய் ஒலிபெருக்கி மாதிரி விரிந்திருந்ததால் பூவுக்கும் ஒரு பேர் வைத்தார்கள்: ஸ்பீக்கர் பூ.

ஒரு நாள் மீன் விற்றுவிட்டுத் திரும்பும்போது தண்ணீர் கேட்டு உள்ளே போன சொர்ணம், வேலைக்காரர்கள் நாற்றைப் பிடுங்கி நடுவதைப் பார்த்தாள். நாற்று கொத்தமல்லி முளை அளவுதான் இருந்தது. ஆட்கள் தண்டைப் பிடித்துத் தூக்கினார்கள். நசுங்கியது நசுங்கியபடியே தொட்டிக்குப் போனது. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு ஈர்க்குச்சியால் வேரோடு மண்ணை நெம்பி, இலையை மட்டும் விரல் நுனியில் பிடித்து எடுத்துக் காட்டினாள். வலை சிக்கெடுத்துப் பழகிய விரல்கள். சின்னையன் அன்றே கேட்டார், "நாளையிலிருந்து வர்றியா?"

அதே வாரம் சேர்ந்தவள் வச்சலா. திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்து ஊர். மெட்ராஸுக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை. வாய் ஓயாமல் பேசுவாள், பேசிக்கொண்டே வேலையும் செய்வாள். சொர்ணம் கொண்டுவரும் மீன் குழம்புக்காகவே பசியோடு வருகிறேன் என்பாள். ஒருமுறை இருசப்பனின் கட்டுமரம் காற்றில் தெற்கே அடித்துக்கொண்டு போய், இரண்டு நாள் தகவல் இல்லை. அந்த இரண்டு நாளும் வச்சலா கொட்டகைக்குப் போகாமல் மணலில் சொர்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் வாயில் கஞ்சியை ஊற்றினாள், குழந்தை கன்னியம்மாவுக்குத் தலை சீவினாள். புருஷன் உயிரோடு வந்து சேர்ந்த பிறகுதான் ஊருக்கு பஸ் ஏறினாள். அதற்கப்புறம் சொர்ணத்துக்கு அவளிடம் ஒளிக்க எதுவும் இருக்கவில்லை.

வேலை இரண்டு பேருக்கும் பிடித்துப் போனது. பெட்டூனியா விதை மூக்குப்பொடி போல இருக்கும். பொடி மணலில் கலந்து அகலச் சட்டியில் தூவ வேண்டும். மேலே மண் போடக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. சட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்தால் அடியிலிருந்து ஈரம் ஏறும். கண்ணாடியை மேலே மூடினால் ஒரு வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். நாலு இலை வந்ததும் பிரித்து நட வேண்டும், அப்புறம் கொழுந்தைக் கிள்ளிக் கிளைக்க விட வேண்டும். தும்மினால் ஒரு தொட்டிப் பயிர் பறந்துவிடும் என்று விதைக்கிற நாளில் வச்சலா வாயில் முந்தானையைக் கட்டிக்கொள்வாள்.

1973 கார்த்திகைக் கடைசியில் ஒரு புயல் அடித்தது. காற்று பாலிதீனைக் கிழித்துச் சாலைக்கு அந்தப் பக்கம் பனைமரத்தில் கொண்டுபோய் மாட்டியது. விடியற்காலையில் வந்து பார்த்தபோது எழுநூறு தொட்டியும் நனைந்து கிடந்தன. பூத்தது, பூக்க இருந்தது எல்லாம் சேறாகியிருந்தது. சின்னையன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். மூன்றாவது வரிசைக் கடைசியில் ஒரு செடி மட்டும் நாலு பூவோடு நிமிர்ந்து நின்றதைச் சொர்ணம்தான் பார்த்தாள். சின்னப் பூ. மங்கலான ரோஜா நிறம், தொண்டையில் லேசான மஞ்சள். இதழைத் தொட்டுப் பார்த்தாள். மற்றவற்றைவிடத் தடிப்பாக இருந்தது. மழைத்துளி அதன் மேல் உருண்டு விழுந்தது.

"மொதலாளி, இத்தப் பாருங்க. இது மட்டும் தாங்கிக்கினு கீது."

சின்னையன் பார்த்தார். "இத்தினிக்காண்டு பூவை எந்த ஓட்டல்காரன் வாங்குவான்? குப்பையில போடு."

அவள் போடவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். சின்னையனுக்கு அது தெரியும். ஏதோ பெண்பிள்ளை ஆசை என்று விட்டுவிட்டு, பிறகு அதை மறந்தும் போனார்.

அந்தச் செடியிலிருந்து விதை எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வேறு செடியின் மகரந்தத்தை வைத்தால் காய் பிடித்தது, ஆனால் அதில் வருவது வேறு ஜாதியாகிவிடும். அதன் மகரந்தத்தையே அதற்கு வைத்தால் பூ உதிர்ந்தது, காய் இல்லை. இருபது முப்பது பூவை இப்படி வீணாக்கினாள். ஒரு நாள் வச்சலாவோடு பேசிக்கொண்டே செய்ததில், மலர்ந்த பூ என்று நினைத்து மொக்கைப் பிரித்துவிட்டாள். பிரித்ததுதான் பிரித்தோம் என்று மகரந்தத்தைத் தடவி, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி வைத்தாள். மூன்று வாரத்தில் அந்தக் காம்பில் காய் முற்றியிருந்தது. மலர்ந்த பிறகு தன்னுடையதை ஏற்காத பூ, மொக்காக இருக்கும்போது ஏற்றுக்கொள்கிறது. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெங்களூரிலிருந்து வந்த சின்னையனுக்கும் தெரிந்திருக்கவில்லை. அன்று அவள் கொட்டகைக்குள்ளேயே வச்சலாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பைத்தியம் புட்ச்சிடுச்சாடி ஒனக்கு?" என்றாள் வச்சலா, தானும் சிரித்துக்கொண்டு.

அடுத்த வருஷம் அந்த விதையில் வந்தவற்றில் பாதிக்கு மேல் மழையில் கரைந்தன. தாங்கியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி மொக்கில் மகரந்தம் வைத்தாள். அதற்கடுத்த வருஷம் பாதிக்கு மேல் தாங்கின. எது தாங்கும் என்று மழை வரும் முன்பே சொல்ல அவளுக்குக் கண் பழகியிருந்தது. நாலு இலை நாற்றில் தண்டின் அடி லேசாகச் சிவந்திருக்க வேண்டும், இலை விரலுக்குக் கனமாகப் பட வேண்டும். மற்றதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிடுவாள். பூவும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டு வந்தது. 1976 கார்த்திகையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருபத்திரண்டு செடிகள், திறந்த வெளியில், மழைக்கு நடுவில் பூத்து நின்றன. இன்னும் ஒரு வருஷம் பார்த்துவிட்டு மொதலாளியிடம் காட்டலாம் என்றிருந்தாள். வச்சலாவிடம் மட்டும் அதைச் சொல்லியிருந்தாள்.

"காட்டினா ஒம் பேரையே வைக்கச் சொல்லு," என்றாள் வச்சலா.

"ஆமா, மீன்காரி பேர்ல பூவு," என்று சொர்ணம் கேலியாகச் சொன்னாலும், வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பேரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

தை பிறந்ததும் கன்னியம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. நாட்டு மருந்துக்கு இறங்கவில்லை. டைபாய்டு என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று வாரம் சொர்ணம் அந்தக் கட்டிலின் கீழேயே படுத்துக் கிடந்தாள். கிளம்பும் முன் வச்சலாவைத் தொட்டிக்குப் பின்னால் அழைத்துப்போய்ச் செடி செடியாகக் காட்டினாள். எந்த மொக்கு இன்று பிரிக்க வேண்டியது, எது நாளைக்கு, எந்த நூல் கட்டிய காய் எப்போது வெடிக்கும், நாற்றில் எதை வைத்து எதைப் பிடுங்குவது, எல்லாம் சொன்னாள். வச்சலா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினாள்.

"நீ கொழந்தையப் பாரு. இத்த நான் பாத்துக்கறேன். ஒங்கிட்ட இருந்த மாதிரியே இருக்கும்."

பிள்ளை பிழைத்துக்கொண்டது. திரும்பி வந்து பார்த்தபோது செடிகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அவள் போவதற்கு முன் கட்டிவிட்டுப் போன காய்களில் முக்கால்வாசியைக் காணோம். நூல் மட்டும் வெறும் காம்பில் தொங்கியது.

"எறும்புடி," என்றாள் வச்சலா. "வெடிச்ச காயை விட்டு வைக்குதா பாரு. நான் இன்னா பண்ணுவேன், சொல்லு." அவள் கண் கலங்கியதைப் பார்த்துச் சொர்ணம்தான் அவளைத் தேற்றினாள். போனால் போகிறது, மிச்சம் இருக்கிற விதை போதும் என்றாள்.

அந்த வருஷம் ஆடியில் சின்னையன் வச்சலாவை மேஸ்திரி ஆக்கினார். செய்யூரில் மச்சான் நிலத்தில் இன்னொரு தோட்டம் போடுவதாகவும், வச்சலா வாரத்தில் மூன்று நாள் அங்கே போக வேண்டும் என்றும் சொன்னார். சொர்ணத்துக்குப் பொறாமை இல்லை. வாயுள்ள பிள்ளை, ஆட்களை மேய்க்கத் தகுந்தவள் என்று நினைத்துக்கொண்டாள்.

மார்கழியில் ஒரு நாள், இரண்டு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த காலையில், மாமல்லபுரம் கடற்கரை ஓட்டலுக்குத் தொட்டி இறக்கும் வண்டியோடு சொர்ணம் போயிருந்தாள். வழக்கமாகப் போகிற ஆளுக்கு உடம்பு சரியில்லை. பெட்டூனியாத் தொட்டிகளைப் போர்டிகோ கூரைக்குக் கீழேதான் அடுக்குவார்கள். இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவள், கடலைப் பார்த்த புல்வெளியின் ஓரத்தில் நீளமாக ஒரு ரோஜா நிறக் கோட்டைப் பார்த்தாள். மேலே கூரை இல்லை. தரை எங்கும் தண்ணீர் தேங்கியிருந்தது. கிட்டே போனாள். தொண்டையில் லேசான மஞ்சள். இதழைத் தொட்டாள். தொட வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் தொட்டாள்.

ஓட்டல் தோட்டக்காரர் சுலைமான் பாய் மண்வெட்டியோடு வந்தார். "இன்னா அப்படிப் பாக்குறே? ஒங்க தோட்டத்துச் சரக்குதானேம்மா. செய்யூர்லேருந்து போன வாரம் எறக்கினாங்க. இன்னா மழை பேஞ்சுது! ஒரு பூவு அசையல."

ஒவ்வொரு வரிசையிலும் தகரத்தில் எழுதிய சின்னப் பலகை ஒன்று நட்டிருந்தது. இங்கிலீஷ் எழுத்து. சொர்ணத்துக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும்.

"இதுல இன்னா எழுதிக்கீது பாய்?"

"பூவு பேரு. வச்சலா ரோஸ்." சுலைமான் பாய் சிரித்தார். "ஒங்க மேஸ்திரியம்மா பேருதான். அந்தம்மாதான் கண்டுபுடிச்சாங்களாமே, சின்னையன் மேனேஜரு கிட்ட சொல்லிக்கினு இருந்தாரு. கெட்டிக்காரங்க."

சொர்ணம் வண்டியில் ஏறவில்லை. கொட்டகை வரை அந்த எட்டு மைலையும் நடந்தே போனாள். எறும்பு என்று சொன்னபோது வச்சலாவின் கண் கலங்கியதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அந்தக் கண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டது தன் கைதான் என்பதை நினைத்தபோது சாலையோரத்தில் நின்று அந்த முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு மறுபடி நடந்தாள்.

வச்சலா நாற்றுச் சட்டிகளுக்கு நடுவில் இருந்தாள். சொர்ணத்தின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஆட்களை வெளியே போகச் சொன்னாள்.

"எறும்பாடி தின்னுச்சு?"

வச்சலா ஒரு நாற்றுச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"கேக்கறேன் இல்ல? எம் புள்ள சாவக் கெடந்தா. ஒன்ன நம்பி வுட்டுட்டுப் போனேன். அந்த நேரம் பாத்தாடி காயை அறுத்தே?"

"மொதலாளி பாத்துட்டாரு," என்றாள் வச்சலா மெதுவாக. "நீ போன மூணாம் நாளு, தை மாசத்துலயும் நல்ல மழை. மழையில இது நிக்கறதப் பாத்துட்டு யாரு பண்ணதுன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்னே?"

வச்சலா கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். "நான்னு சொன்னேன்."

"ஏன்டி?"

"வாயில வந்துடுச்சு. அப்பால மாத்த முடியல." பிறகு அவள் குரல் மாறியது. "ஒனக்கு வூடு கீது, புருஷன் கீறான், புள்ள கீது. எனக்கு இன்னா கீது, சொல்லு? நாலு வருஷமா தொட்டிக்குப் பின்னால ஒளிச்சு வச்சிகினு இருந்தே. யாருக்குத் தெரியும் அது? என்னிக்குத்தான் காட்டப் போறே? என்னை ஒரு ஆளு மனுஷியா மதிச்சு, நீயா பண்ணேன்னு கேட்டாரு. ஆமான்னேன்."

இரண்டு நாள் மணலில் கூடவே உட்கார்ந்திருந்த வச்சலாவை எதிரில் நிற்பவளிடம் தேடிப் பார்த்தாள் சொர்ணம். அதே முகம்தான். அது அவளை இன்னும் பயமுறுத்தியது. அடிக்க வேண்டும் என்று வந்தவளுக்குக் கை எழவில்லை.

சின்னையனிடம் போனாள். அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். அவருக்கு ஆச்சரியம்கூட இல்லை. இதற்குள் அவருக்கே விஷயம் ஓரளவு தெரிந்திருந்தது என்பது அந்த முகத்தில் இருந்தது.

"இத பாரு சொர்ணம். பூ என் கொட்டகையில பொறந்தது. என் மண்ணு, என் தொட்டி, என் தண்ணி. நீ பண்ணா இன்னா, அவ பண்ணா இன்னா? பேரு வச்சாச்சு, ஓட்டல் ஓட்டலாச் சொல்லியாச்சு. இனிமே மாத்தினா என்னை எவன் மதிப்பான்? நீ பாட்டுக்கு வேலையப் பாரு. ஒன்னை யாரும் போகச் சொல்லல."

"குப்பையில போடச் சொன்னீங்களே மொதலாளி," என்றாள் சொர்ணம். "நீங்கதானே சொன்னீங்க."

அவர் வண்டிக்காரனைக் கூப்பிட்டுத் தொட்டிக் கணக்குக் கேட்க ஆரம்பித்தார்.

தொட்டிக்குப் பின்னால் அவளுடைய செடிகள் இருந்தன. எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிப் போடலாம் என்று குனிந்தாள். ஒரு செடியைப் பிடித்தும் விட்டாள். அது அவள் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. விட்டுவிட்டு எழுந்து, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதன் பிறகு அந்த வாசலை அவள் மிதிக்கவில்லை.

இருசப்பன் கேட்டுவிட்டு, கொட்டகையைக் கொளுத்திவிடுகிறேன் என்று குதித்தான். அவள் தடுத்தாள். மறுபடி மீன் கூடையைத் தூக்கினாள். திருக்கழுக்குன்றம் சாலையை விட்டுவிட்டு வடக்கே கோவளம் பக்கம் விற்கப் போனாள். மனசில் இருந்ததை யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போலிருக்கும். அப்படிச் சொல்லி அழுகிற ஆள் இத்தனை வருஷமாக வச்சலாதான். குப்பத்துப் பெண்கள் நெருங்கிப் பேச வந்தாலும் அவள் மேலோட்டமாகப் பேசி அனுப்பிவிடுவாள். அடுத்த வருஷம் கடலோரத்தில் சவுக்கு நடுவதற்கு நாற்று வளர்க்கும் வேலைக்கு ஆள் எடுத்தபோது அதில் சேர்ந்தாள். சவுக்கு நாற்று முரட்டுப் பிள்ளை, யார் கை பட்டாலும் வளரும். அங்கே அவளோடு வேலை செய்தவர்கள் அவளை அமைதியான பொம்பளை என்றுதான் சொல்வார்கள்.

1979 கார்த்திகையில் கன்னியம்மாவின் பள்ளிக்கூடச் சான்றிதழ் ஒன்றுக்காகச் செங்கல்பட்டு போய்விட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளை யாரோ தொட்டார்கள். வச்சலா. கொஞ்சம் இளைத்திருந்தாள். ஜன்னல் பக்கம் ஒண்டிக்கொண்டு இடம் விட்டாள்.

"குந்து சொர்ணம்."

சொர்ணம் நின்றபடியே இருந்தாள்.

"கன்னியம்மா எப்டி கீறா?"

"கீறா."

பஸ் கொஞ்ச தூரம் போனது. வச்சலா தலையைக் குனிந்துகொண்டே பேசினாள். "அந்தப் பூவு கெட்டுப் பூட்ச்சு. நீ கட்டின காய்லேருந்து வந்தது மொத வருஷம் அப்டியே வந்துது. அதுக்கப்பால நான் எடுத்த விதை எல்லாம் கலந்துகினு வருது. வெள்ளை, ஊதா, பெருசு பெருசா. மழையில கூழாவுது. நீ சொன்ன மாதிரிதான் மொக்குல வைக்கறேன். ஓட்டல்ல எல்லாம் திருப்பி அனுப்பிட்டாங்க. மொதலாளி பேஜாரு பண்றாரு." அவள் நிமிர்ந்தாள். "நான் இன்னாடி வுட்டேன்?"

சொர்ணத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் கொட்டகைக்குள் பெரிய பெரிய விட்டில்பூச்சிகள் வரும். ஒரு பூவில் நீட்டிய மூக்கை அப்படியே அடுத்த பூவில் நீட்டும், மகரந்தம் கலந்துவிடும். மகரந்தம் வைத்த மொக்கையெல்லாம், வச்சலா பஸ்ஸுக்குப் போன பிறகு, சொர்ணம் வீட்டுக்குக் கிளம்பும்போது பழைய வேட்டித் துணியால் முடிந்துவிடுவாள், காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து அவிழ்த்துவிடுவாள். அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அவசரத்தில் அதைச் சொல்ல விட்டுப்போயிருந்தது. மறைக்க வேண்டும் என்று நினைத்ததே இல்லை. ஒரு வாக்கியம் போதும். தொட்டிக்குப் பின்னாலோ செய்யூரிலோ நாலு நல்ல செடி இன்னும் மிச்சம் இருக்கலாம். சொன்னால் அந்தப் பூ பிழைக்கும்.

சொல்ல வாய் வந்தது. வச்சலாவின் கண்கள் கலங்கியிருந்தன. எறும்பு என்று சொன்ன நாளில் கலங்கிய அதே மாதிரி. அது நிஜமா, பொய்யா என்று சொர்ணத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்கும் கண்டுபிடிக்கவில்லை.

"தெர்ல," என்றாள்.

வச்சலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திருக்கழுக்குன்றத்தில் இறங்கும்போது, "வரேன்" என்றாள். சொர்ணம் தலையசைத்தாள். காலியான இடத்தில் பக்கத்தில் நின்ற ஒரு கிழவரை உட்காரச் சொல்லிவிட்டு, மாமல்லபுரம் வரை நின்றுகொண்டே போனாள்.

அதற்கடுத்த வருஷம் சின்னையன் பெட்டூனியாவை விட்டுவிட்டுக் குரோட்டன்ஸ் வளர்க்க ஆரம்பித்தார் என்று மாமல்லபுரம் கடைத்தெருவில் சுலைமான் பாய் சொல்லிக் கேள்விப்பட்டாள். மழைக்குத் தாங்கிய அந்தப் பூ எங்கேயும் மிஞ்சவில்லை. அதைக் கேட்டபோது சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. சுலைமான் பாய் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கட்டுமரம் கரைக்கு வருகிற நேரம் பாய் என்று சொல்லிவிட்டு, அவள் வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தாள்.